அம்புக்குறிக்குப் பின்னால் இருக்கும் அசல்

எக்லிப்ஸ் மென்பொருளில் ஒரு ஃபோல்டர் படத்தின் மூலையில் சின்ன அம்புக்குறி தெரிந்தால், அந்த ஃபோல்டர் உண்மையில் அங்கே இல்லை. கணினியில் வேறோர் இடத்தில் இருப்பதை அது சுட்டிக்காட்டுகிறது, அவ்வளவுதான். ஐபிஎம் நிறுவனம் 2001-இல் பொதுவெளிக்குத் தந்த இந்தக் கருவியில் இன்றும் ஏராளமானோர் ஜாவா புரோகிராம் எழுதுகிறார்கள். அவர்களுக்கு இந்த 'லிங்க்டு ரிசோர்சஸ்' பெரிய வரம். நான்கு புராஜெக்டுகளுக்குப் பொதுவான கோப்பை நான்கு நகல்களாக வைத்துத் திண்டாட வேண்டியதில்லை.

அழிக்கும்போதுதான் ஆபத்து. அம்புக்குறி போட்ட ஃபோல்டரை அழித்தால் இணைப்பு மட்டும் போகும், அசலுக்குச் சேதமில்லை. அந்த ஃபோல்டருக்குள் இருக்கும் ஒரு கோப்பை அழித்தாலோ, வட்டில் உள்ள அசலே போய்விடும். அதை நம்பியிருக்கும் மற்ற மூன்று புராஜெக்டுகளும் உடையும். இணைப்பு வெளி ஃபோல்டருக்குத்தான், உள்ளே இருப்பதெல்லாம் அசல் என்பது கருவியை உருவாக்கியவர்களின் கணக்கு. கணக்கில் பிழையில்லை. ஆனால் ஒரு படி உள்ளே போனதும் அதே டெலீட்டின் விளைவு தலைகீழாக மாறுவதை, அவசரத்தில் வேலை பார்ப்பவர் நினைவில் வைத்திருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல.

செட்டிங்ஸில் குழப்பம் இன்னும் ஆழமானது. அசல் இருக்கும் இடத்துக்கு ஒரு புனைபெயர் வைத்துக்கொள்ளலாம். கணினிக்குக் கணினி பாதை மாறினாலும் பெயர் மாறாது. நல்ல ஏற்பாடு. அந்தப் பெயரை எங்கே பதிவது? 'பிரிஃபரன்சஸ்' பெட்டிக்குள் 'லிங்க்டு ரிசோர்சஸ்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. புராஜெக்டின் 'பிராப்பர்ட்டீஸ்' பெட்டிக்குள்ளும் அதே தலைப்பில் இன்னொரு பக்கம். முதலாவதில் பதிந்தது அந்தக் கணினியோடு நின்றுவிடும். இரண்டாவதில் பதிந்தது புராஜெக்டோடு சேர்ந்து சக ஊழியருக்கும் போகும். 2010-இல் வந்த ஹீலியோஸ் பதிப்பு இந்த இரண்டாவது வழியைத் திறந்தது. தலைப்பு மட்டும் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கிறது.

தவறான பக்கத்தில் பதிந்தவருக்கு எந்தக் கோளாறும் தெரியாது. மறுநாள் சக ஊழியரின் கணினியில்தான் இணைப்பு அறுந்து கிடக்கும். "என்கிட்ட ஓடுதே" என்ற பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோவிலும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு உறவு உண்டு. ஏற்கெனவே இருக்கும் கோப்பைச் சேர்க்கும் பெட்டியில் 'ஆட்' பொத்தானை அப்படியே அழுத்தினால் நகல் உருவாகும். அதன் பக்கத்துச் சிறு அம்பை விரித்தால்தான் 'ஆட் அஸ் லிங்க்' கண்ணில் படும். இணைத்துவிட்டதாக நம்பியவர் ஒரு பிழையை அசலில் திருத்துவார். நகலில் அது அப்படியே இருக்கும்.

எக்லிப்ஸின் குழப்பங்களைச் சரிசெய்யப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். ஹீலியோஸ் பதிப்பிலேயே, வெளியிலிருந்து கோப்பை இழுத்துப் போட்டால், நகலெடுக்கவா, இணைக்கவா என்று நேராகக் கேட்கும் பெட்டி வந்துவிட்டது. சேர்க்கும்போது உள்ள அந்தத் தெளிவு அழிக்கும்போதும் வேண்டும்: போகப்போகும் கோப்பின் முழுப் பாதையைக் காட்டி, அது இந்த புராஜெக்டுக்கு வெளியே இருப்பது என்று சொல்ல வேண்டும். 'பிரிஃபரன்சஸ்' பக்கத்தின் உச்சியில் ஒரு வரி போதும்: "இங்கே வைக்கும் பெயர் இந்தக் கணினியில் மட்டும் செல்லும்."