மாதா கோயிலைக் காணோமே, வாத்தியாரே!



பள்ளிச் சுவரில் மாட்டுவதற்காகப் பழைய ஓவியம் ஒன்றின் பிரதியை வாங்கி வந்தேன். காவிரி ஆற்றிலிருந்து பார்த்த திருச்சி மலைக்கோட்டைப் படம். தாமஸ் டேனியல், அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஆங்கில ஓவியர்கள் 1792-ஆம் ஆண்டு தமிழ்நாட்டைச் சுற்றி வந்தார்கள். அப்போது வரைந்து கொண்டதை வைத்து 1798-இல் லண்டனில் அச்சிட்ட படம் அது.

கொள்ளுப்பேரனை அழைத்துப் போக வந்த பாட்டி ஒருவர் படத்தின் முன் நின்றுவிட்டார். எட்டு வயதில் ரஜூலா கப்பலில் வந்தவர். பிறந்தது திருச்சிப் பக்கம்.

"உச்சிப் பிள்ளையார் மலையில்ல இது!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "மலைக்குப் பக்கத்திலே ஊசியாட்டம் ஒரு மாதா கோயில் கோபுரம் நிக்குமே, அதைக் காணோமே வாத்தியாரே?" என்றார்.

பாட்டி சொன்னது சரிதான். அவர் கேட்ட லூர்து மாதா கோயில் கட்டப்பட்டது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில். ஓவியர்கள் வந்தபோது அது இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி, படத்தின் வயதையே சொல்லிவிட்டார்!

பழைய படத்தில் ஊரைத் தேடும் முறை இதுதான். முதலில் நகராததைப் பாருங்கள்: மலை, பாறை, ஆறு. அடுத்து கோயில், கோட்டை. கடைசியாக, இருக்க வேண்டியது எது இல்லை என்று கேளுங்கள். மரத்தையும் மனிதரையும் மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். படம் அழகாக இருக்கட்டும் என்று ஓவியர்கள் இடம் மாற்றி வரைவதுண்டு.

இதை நம் குளுவாங்கிலேயே செய்து பார்த்தோம். மாணவன் ஒருவன் வீட்டுப் பெட்டியிலிருந்து ஒரு தோட்டத்துப் புகைப்படம் கொண்டு வந்தான். அதில் இருந்த லயம் இன்று இல்லை. பால் மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆனால் பின்னால் லம்பாக் மலை இருந்தது. படத்தில் தெரிகிற அதே வளைவில் மலை தெரியும்வரை பிள்ளைகளோடு செம்பனைக் காட்டுப் பாதையில் நடந்தோம். பாட்டியும் கூட வந்தார்.

"நில்லுங்க. இதான் பிரட்டுக்களம். அந்த மேட்டிலே ஆயாக் கொட்டகை. என் மூத்தவளைத் தொட்டில்லே போட்டுட்டுத்தான் மரம் சீவப் போவேன்" என்றார். பிள்ளைகள் வாயடைத்து நின்றார்கள். அதுவரை அவர்களுக்கு அது வெறும் செம்பனைக் காடு.

படத்தின் ஓரத்தில் ஒரு சிறு கொட்டகையும் இருந்தது. அது என்னவென்று பாட்டிக்கும் தெரியவில்லை. "பழைய தண்டலைக் கேட்டிருக்கலாம். போன தீபாவளிக்கு முன்னேதான் போய்ச் சேர்ந்தாரு" என்றார்.

மலைக்கோட்டையை வரைய இரண்டு ஓவியர்கள் கடல் கடந்து வந்தார்கள். நம் லயத்தை வரைய யாரும் வரவில்லை. இருப்பது நாலைந்து புகைப்படமும் பெரியவர்களின் நினைவும்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து அந்தப் படங்களை எடுங்கள். வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, எது எந்த இடம், யார் யார் என்று கேட்டுப் படத்தின் பின்னால் பென்சிலால் மெதுவாக எழுதி வையுங்கள். மலை அங்கேயே நிற்கும். சொல்லித் தருகிறவர்கள் அப்படி நிற்பார்களா?