வாயிற்கோலம் வாய்திறந்தது

மதுரையை அடுத்த சமயநல்லூர்த் தெருக்களில் மார்கழி விடியலில் செல்வார், கோலத்தின்மேற் கால்படாது விலகியே செல்வர். பெண்டிர் நாளும் தெருவில் எழுதும் அவ்வெழுத்தை நாம் அழகென்று கொண்டோமேயன்றிப் பேச்சென்று கொண்டிலோம். அதுவும் பேச்சே எனக் காவல்துறை நமக்கு அறிவித்தது!

2019 திசம்பர் 11இல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிற்று. பாகித்தான், ஆப்கானித்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளினின்று 2014 முடிவதற்குள் வந்தவருள், முசுலிம் அல்லாத அறுவகைச் சமயத்தார்க்கே அது வழிதிறந்தது. ஈழத்தினின்று ஏதிலியராய் வந்த தமிழர்க்கு அதில் இடமில்லை.

அவ்வாண்டு திசம்பர் 29, ஞாயிறு காலை, சென்னைப் பெசண்டு நகரில் பெண்கள் முன்னின்று, அச்சட்டம் வேண்டாவெனத் தெருவிற் கோலமிட்டனர். அவர் கையிற் கல்லில்லை, கோலமாவே இருந்தது. இசைவு பெறவில்லை என்று காவலர் அவர்களைப் பிடித்துச் சென்று பின்னர் விடுத்தனர். விளைந்தது என்ன? மறுநாளே பல வீட்டு வாயில்களில் அக்கோலம் மலர்ந்தது. அன்று எதிர்க்கட்சியாயிருந்த தி.மு.க. தலைவர்தம் வாயில்களிலும் மலர்ந்தது.

கோலம் அடுக்களைப் பெண்மையின் அடையாளம். அதனைப் போராட்டக் கருவியாக்குவது பெண்ணடிமையைப் போற்றுவதாகும் என்பாரும் உளர். அது பொருந்தாது. வழக்கத்திற்காகக் குனிந்து இடும் கோலம் வேறு. தானே எண்ணித் துணிந்து இடும் கோலம் வேறு. 1938 நவம்பர் 13இல் மறைமலையடிகளாரின் மகளார் நீலாம்பிகையார் தலைமையிற் சென்னையில் மகளிர் மாநாடு கூடிற்று. மறுநாளே கட்டாய இந்தியை எதிர்த்து மறியல் செய்து சிறைபுகுந்த பெண்டிருள் குழந்தைகளோடு சென்றாரும் உளர். வீட்டையும் தெருவையும் பிரித்த கோட்டை அவர்கள் அன்றே அழித்துவிட்டனர்.

ஆயினும் ஒரு குறை சுட்டற்குரியது. அக்கோலங்கள் பலவற்றில் ‘வேண்டாம்’ என்பது தமிழாய் நிற்க, எது வேண்டாம் என்பது ஆங்கில முதலெழுத்துகளாய் நின்றது. காவலர் படித்தனர், தில்லியும் படித்தது. களையெடுக்கச் செல்லும் சமயநல்லூர்த் தாய் எங்ஙனம் படிப்பாள்? அவள் குடியுரிமையைப் பற்றிய செய்தி அவளுக்கே விளங்காதாயின், தெருவில் எழுதியும் பயன் பாதியே.

2021 செப்டம்பர் 8இல் அச்சட்டத்தைத் திரும்பப் பெறுமாறு தமிழ்நாட்டுச் சட்டப்பேரவை முடிவெடுத்தது. நடுவணரசோ 2024 மார்ச்சு 11இல் அதன் செயற்பாட்டு நெறிமுறைகளையே வெளியிட்டது. ஆதலின் வேலை முடியவில்லை. காலையில் இட்ட கோலம் மாலைக்குள் அழியும். மறுநாள் மீண்டும் இடுவது நம் பெண்டிர்க்குப் பழகிய செயலே.

தமிழ்ப் பெண்டிரே! வாயில் உங்களுடையது, கை உங்களுடையது. அதில் எழுதும் சொல்லும் நம் தமிழாகவே இருக்கட்டும்!