நெஞ்சுக்கு வெளியே ஓர் இதயம்!

மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை மலைமீது மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே கம்பம் பள்ளத்தாக்குக்குத் திருப்பினார் பென்னிகுவிக். 1895-ல் முடிந்த வேலை அது. இன்றும் லோயர் கேம்பிலே அவருக்கு மணிமண்டபம். தைத் திங்களிலே அவர் பெயரால் பொங்கல். ஓடுகின்ற ஒன்றை அதன் பாதையினின்று வெளியே எடுத்து, வேறு வழியாய்ச் செலுத்தி உயிர் வளர்க்கலாம் என்பதைக் கம்பத்து உழவனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆகவே, 'எக்மோ' என்று மருத்துவர்கள் அழைக்கும் கருவியையும் அவன் எளிதில் புரிந்துகொள்வான். கழுத்திலோ தொடையிலோ உள்ள பெருஞ்சிரைக்குள் குழாயைச் செலுத்தி, கருத்த குருதியை வெளியே இழுக்கிறது ஓர் இறைப்பான். சவ்வுகளாலான ஒரு பெட்டிக்குள் அது புகுகிறது. கரியமிலவாயு கழிகிறது, பிராணவாயு சேர்கிறது. சிவந்த குருதி உடலுக்குத் திரும்புகிறது. நுரையீரல் மட்டும் நோயுற்றிருந்தால் சிரைக்கே திருப்புவர். இதயமும் ஓய்ந்திருந்தால் தமனிக்குள் செலுத்துவர். நோயைத் தீர்க்கும் மருந்தன்று இது. உறுப்பு தேறும்வரை சில நாட்களோ, சில வாரங்களோ தவணை வாங்கித் தருவது.

1953-ல் பிலடெல்பியாவிலே கிப்பன் என்னும் மருத்துவர், அறுவை நடக்கும் பொழுதுக்கு மட்டும் இதயத்தின் வேலையைப் பொறியிடம் ஒப்படைத்து வெற்றி கண்டார். 1975-ல் பார்ட்லெட் என்பவர் கலிபோர்னியாவிலே பிறந்த குழந்தை ஒன்றை நாட்கணக்கில் அத்தகைய பொறியிலே வைத்துப் பிழைக்க வைத்தார்.

தமிழ்நாட்டு மக்களுக்கு இந்தச் சொல் அறிமுகமானதோ துயரச் செய்தியாகத்தான். 2016 டிசம்பரில் சென்னையிலே முதலமைச்சர் செல்வி ஜெயலலிதாவுக்கு இக்கருவி பொருத்தப்பட்டது. 2002 முதல் 2011 வரை, இதே தேனி மாவட்டத்து ஆண்டிபட்டியின் சட்டமன்ற உறுப்பினராய் இருந்தவர் அவர். 2020-ல் பாடகர் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் வாரக்கணக்கில் இக்கருவியின் துணையோடு போராடினார். இருவரும் மீளவில்லை. கருவி பொருத்தப்படுவோரில் ஏறக்குறையப் பாதிப்பேரே பிழைக்கிறார்கள் என்பது உலகக் கணக்கு. ஆனால், அந்தப் பாதிப்பேர் கருவி இல்லையேல் பெரும்பாலும் மாண்டே போயிருப்பார்கள் என்பதையும் சேர்த்தல்லவா எண்ண வேண்டும்?

இனி நம் கேள்விக்கு வருவோம். விடியுமுன் ஜீப்பில் ஏறி, மலை கடந்து, இடுக்கியின் ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறாளே கூடலூர்ப் பெண், அவளுக்கு ஒரு நச்சுக்காய்ச்சல் வருகிறது. அது இதயத் தசையைத் தாக்குகிறது. ஒன்றிரண்டு வாரம் உயிரைத் தாங்கிப் பிடித்தால் அந்த இதயம் மீளவும் கூடும். தாங்குவது யார்? கூடலூரிலிருந்து தேனி ஏறக்குறைய 50 கிலோமீட்டர். தேனியிலிருந்து மதுரை சுமார் 75. அங்கிருந்து சென்னையோ 450-க்கும் மேல்! போடி இரயிலை 2010-ல் நிறுத்திவிட்டு, அகலப்பாதை போட்டு 2022-ல் தேனிக்கும் 2023-ல் போடிக்கும் கொண்டுவந்து சேர்த்தார்கள். பள்ளத்தாக்கு மக்கள் பொறுத்திருந்தார்கள். நின்றுபோகும் இதயத்துக்கு அத்தனை பொறுமை ஏது?

ஊருக்கு ஓர் எக்மோ கேட்கிறோம் என்று எவரும் எள்ளி நகையாட வேண்டாம். அது பேதைமை. கருவியைக் கையாளத் தேர்ந்த மருத்துவர் வேண்டும். குருதிப் போக்கைக் கண்காணிக்கும் வல்லுநர் வேண்டும். இரவு பகலாய் அருகிருக்கும் செவிலியர் வேண்டும். குருதி உறையவும் கூடாது, கட்டுக்கடங்காமல் கசியவும் கூடாது. அரிதாகச் செய்யும் இடத்தில் கை பழகாது. வாங்கிய கருவி உறை போர்த்தி உறங்கும்!

வழி வேறுண்டு. இங்கிலாந்திலே 2001 முதல் 2006 வரை, நுரையீரல் செயலிழந்த 180 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப்பேரை, எக்மோவில் தேர்ந்த லெஸ்டர் நகர மருத்துவமனைக்கு அனுப்ப முடிவு செய்தார்கள். மீதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்துப் பெருங்குறைபாடின்றி உயிரோடிருந்தோர், முதற்பிரிவில் நூற்றுக்கு 63, மற்றதில் 47. வியப்பு என்னவெனில், முதற்பிரிவினரில் நான்கில் ஒருவருக்குக் கருவியே பொருத்தப்படவில்லை! கருவியின் பங்கு எவ்வளவு, தேர்ந்த கைகளின் பங்கு எவ்வளவு என்று இன்றும் வாதிடுகிறார்கள். உரிய இடத்துக்கு உரிய வேளையில் அனுப்பும் ஏற்பாடு உயிர் காத்தது என்பதிலே நமக்கு ஐயமில்லை.

அந்த ஏற்பாட்டைத்தான் கேட்கிறோம். 2008-ல் 108 ஊர்தி வந்தது. 2009-ல் ஏழையருக்கு உயிர்காக்கும் காப்பீடு வந்தது. கானாவிலக்கிலே மருத்துவக் கல்லூரி நிற்கிறது. கண்ணிகள் உண்டு, சங்கிலியாய்க் கோக்க வேண்டும். மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் தென்மாவட்டங்களுக்கென நிலையான எக்மோ அணி ஒன்று வேண்டும். நோயாளியை நகர்த்தவியலாத நிலையில், அணியே கருவியோடு கானாவிலக்குக்கு வரவேண்டும். பல இலட்சம் ஆகும் செலவு முழுவதையும் காப்பீடு ஏற்க வேண்டும். திராட்சைத் தோட்டத்தை விற்றுவிட்டுத்தானா தாயைக் காப்பாற்றுவது?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தில்லாதபோது இது ஆடம்பரமல்லவா என்பாரும் உளர். அங்கே மருந்து முதலில் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால், செல்வருக்குப் பொருத்தும்போது அறிவியலாய் இருப்பது, ஏழைக்குக் கேட்கும்போது மட்டும் ஆடம்பரமாகிவிடுவது எங்ஙனம்?

இரவு இரண்டு மணிக்குக் கானாவிலக்கு மருத்துவர் தொலைபேசியைக் கையில் எடுத்தால், மதுரையில் பதில் சொல்பவர் யார்? அவர் பதவியையும் தொலைபேசி எண்ணையும் அரசு அறிவிக்கட்டும்.