முன் விளக்கைத் துலக்கினால் போதுமா? உறையும் போடுங்கள்!



இம்மாதம் சமையலறையை விட்டு வாசலுக்கு வருவோம். அங்கே நிற்கும் காரையோ வேனையோ சற்றுக் கவனிப்போம். "அது ஆண்களின் காரியம்" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். பிள்ளைகளைப் பாடசாலைக்கும் டியூஷனுக்கும் ஏற்றி இறக்கும் வேலையை இன்று எத்தனையோ வீடுகளில் தாய்மார்தான் செய்கிறார்கள். வாகனம் ஓட்டத் தெரியாதவர்களும் குழந்தையை மடியில் வைத்துக் கொண்டு அதே வாகனத்தில்தானே பயணம் செய்கிறோம்!

வாகனத்தின் முன்னால் போய் ஹெட்லைட் இரண்டையும் பாருங்கள். உள்ளே இருக்கும் பல்ப் தெளிவாகத் தெரிகிறதா? அல்லது வயதானவர்களின் கண்ணில் வெண்படலம் படர்ந்தது போல் மங்கி, மஞ்சளாகி இருக்கிறதா? மங்கியிருந்தால் அது வெறும் அழகுக் குறைவு அல்ல. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2018ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, மங்கி மஞ்சளான ஹெட்லைட் புதியது தரும் வெளிச்சத்தில் 20 வீதமளவே தருகிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வாகனம் ஒரு வினாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் தூரம் ஓடி விடும். வீதி விளக்கில்லாத பாதையில், இஷாவுக்குப் பிறகு கறுப்பு அபாயா அணிந்து ஓரமாக நடந்து வரும் ஒரு பெண்ணை அந்த மங்கிய வெளிச்சத்தில் எப்போது காண்பது, எப்போது பிரேக் போடுவது?

ஏன் மங்குகிறது?

பழைய மொரிஸ் மைனர் காரின் விளக்கு முகம் கண்ணாடி. அது கீறலாம், உடையலாம். ஆனால் வெயிலில் மஞ்சளாகாது. இன்றைய கார்களின் விளக்கு முகம் பொலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். எளிதில் உடையாது, பாரமும் குறைவு. ஆனால் சூரியனின் புற ஊதாக் கதிர் அதற்குப் பகை. அதனால்தான் தொழிற்சாலையிலேயே அதன் மேல் மெல்லிய, கடினமான ஒரு காப்புப் பூச்சைப் பூசி அனுப்புகிறார்கள். பல வருட வெயிலும், தூசியும், சிறு கற்களும் அந்தப் பூச்சைத் தேய்த்து விடுகின்றன. பிறகு வெயில் நேரே பிளாஸ்டிக்கைச் சுடுகிறது.

நம் நாட்டில் வருடம் முழுவதும் உச்சி வெயில். அத்துடன் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடங்களில் பழைய வாகனத்தையே பேணிக் காப்பாற்றி ஓட்டிய குடும்பங்கள் ஏராளம். ஜப்பானில் சில வருடம் ஓடிய பின் இங்கு வந்த கார்கள் அவற்றில் பல. அவற்றின் ஹெட்லைட் மங்கியிருப்பதில் வியப்பில்லை.

கட் அண்ட் பொலிஷ் செய்தால்?

புதிய ஹெட்லைட் ஜோடி வாங்குவது பெருஞ்செலவு. ஆகவே பலரும் கராஜுக்குப் போய் 'கட் அண்ட் பொலிஷ்' செய்து கொள்கிறார்கள். தண்ணீர் தெளித்துத் தெளித்து, 1000, 1500, 2000, 3000 என்று படிப்படியாக மென்மையான சேண்ட் பேப்பரால் தேய்த்து, கடைசியில் பொலிஷ் போடுகிறார்கள். அரை மணி நேரத்தில் விளக்கு பளிச்சென்று ஆகி விடுகிறது. இது ஏமாற்று வேலை அல்ல. நான் மேலே சொன்ன அதே ஆய்வில், இவ்வாறு துலக்கிய விளக்குகள் புதியதன் வெளிச்சத்தில் ஏறத்தாழ 70 வீதத்தை மீண்டும் தந்தன.

ஆனால் கவனிக்க வேண்டிய விஷயம் இனிமேல்தான் வருகிறது. சேண்ட் பேப்பர் மஞ்சளை மட்டும் எடுப்பதில்லை. மிச்சமிருந்த காப்புப் பூச்சையும் சேர்த்து எடுத்து விடுகிறது. இப்போது பளபளப்பது வெறும் பிளாஸ்டிக். அதை அப்படியே வெயிலில் விட்டால் சில மாதங்களிலேயே மீண்டும் மங்கத் தொடங்கும். மறுபடியும் கராஜ், மறுபடியும் காசு. "போன பெருநாளைக்குத்தானே செய்தோம், அதற்குள் மஞ்சளாகி விட்டதே!" என்று நொந்து கொள்ளும் வீடுகளில் நடந்தது இதுதான். துலக்குவது பாதி வேலை. காப்புப் போடுவது மறு பாதி.

எந்தக் காப்பு நல்லது?

மெழுகு பூசலாம். ஆனால் அது சில வாரங்களில் கழுவுண்டு போகும். ஸ்ப்ரே செய்யும் இரு பகுதிக் கிளியர் கோட் நீண்ட நாள் நிற்கும். எனினும் அதன் ஆவி நுரையீரலுக்குக் கெடுதி. தகுந்த முகமூடியும் காற்றோட்டமும் உள்ள பெயின்ட் கராஜில்தான் அதைச் செய்ய வேண்டும், வீட்டு முற்றத்தில் அல்ல.

மூன்றாவது வழி, தெளிவான பில்ம் ஒட்டுவது. வருடத் தொடக்கத்தில் பிள்ளைகளின் புத்தகங்களுக்கு உறை போடுகிறோமே, அதே யோசனைதான். கார் பெயின்டைக் காக்க ஒட்டும் பொலியூரித்தேன் பில்ம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தடிப்பானது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வகையாகப் பார்த்து வாங்கினால், கதிரையும் தடுக்கும், வீதியில் தெறிக்கும் சிறு கற்களின் அடியையும் தாங்கும். தேய்ந்து போனால் உரித்தெடுத்து வேறொன்று ஒட்டலாம். விளக்கைத் திரும்பத் திரும்பச் சுரண்ட வேண்டியதில்லை.

ஸ்டிக்கர் கடையில் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்:

1. இது புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பில்மா? சாதாரண விளம்பரப் பலகைக்கு ஒட்டும் மலிவான கிளியர் ஸ்டிக்கர் தானே மஞ்சளாகி, காய்ந்து, உரிக்கவும் வராமல் ஒட்டிக் கொள்ளும்.
2. நிறம் ஏதும் உண்டா? புகை நிறமும் மஞ்சள் நிறமும் பார்க்க அழகாக இருக்கலாம், வெளிச்சத்தைக் குறைக்கும். முற்றிலும் தெளிவானதே வேண்டும்.
3. எத்தனை வருட உத்தரவாதம்? அதை பில்லில் எழுதித் தருவீர்களா?

ஒட்டும் முன் ஒரு சோதனை

மங்கிய விளக்கின் மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நனைந்தவுடன் தெளிவாகத் தெரிந்தால் குறை மேற்பரப்பில்தான். துலக்கி பில்ம் ஒட்டினால் பலன் கிடைக்கும். நனைந்தும் மங்கலாகவே இருந்தால் மஞ்சள் ஆழமாக இறங்கியிருக்கலாம், அல்லது உட்பக்கத்தில் ஈரமோ வெடிப்போ இருக்கலாம். உள்ளே இருக்கும் குறையை வெளியே ஒட்டும் பில்ம் தீர்க்காது. அப்படியானால் காசைச் சேமித்து நல்ல ஹெட்லைட் ஒன்றைத் தேடுவதே புத்தி.

வீட்டில் ஒட்டுவதானால்

வளைவு அதிகமான விளக்கைக் கடைக்காரரிடமே விட்டு விடுங்கள். ஓரளவு தட்டையானதை இருவர் சேர்ந்தால் வீட்டிலேயே ஒட்டலாம்.

* நிழலில், தூசி பறக்காத இடத்தில் வாகனத்தை நிறுத்துங்கள். விளக்கு சூடாக இருக்கக் கூடாது.
* கடதாசியை விளக்கின் மேல் வைத்து அளவு வரைந்து, பில்மை அதன்படி வெளியே வைத்து வெட்டுங்கள். விளக்கின் மேல் வைத்து பிளேடால் வெட்டினால் கீறல் நிரந்தரம். ஓரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே நிற்கும்படி வெட்டினால் ஓரம் கிளம்பாது.
* பொலிஷ் எண்ணெய் கொஞ்சமும் இருக்கக் கூடாது. பார்மசியில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் அல்கஹோலை மென்மையான துணியில் நனைத்துத் துடையுங்கள்.
* ஸ்ப்ரே போத்தல் தண்ணீரில் சில துளி பேபி ஷாம்பு கலந்து, விளக்கின் மேலும் பில்மின் பசைப் பக்கத்திலும் தாராளமாகத் தெளியுங்கள். அப்போதுதான் பில்மை நகர்த்திச் சரி செய்ய முடியும்.
* நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ரப்பர் துடைப்பானால் தண்ணீரைத் தள்ளுங்கள். வளைவில் மடிப்பு விழுந்தால் ஹெயார் ட்ரையரால் இலேசாகச் சூடு காட்டி இழுத்து ஒட்டுங்கள்.
* ஓரிரு நாள் வாகனத்தைக் கழுவாதீர்கள். உள்ளே தெரியும் சிறு பனிமூட்டம் தண்ணீர்தான். நாளடைவில் காய்ந்து போகும்.

கிளியர் கோட் புதிதாக அடித்திருந்தால் அது நன்றாக இறுகும் வரை சில வாரம் பொறுத்துத்தான் பில்ம் ஒட்ட வேண்டும்.

இவை வேண்டாம்

தின்னர், அசிட்டோன், பெற்றோல் ஆகியவற்றால் துடைக்காதீர்கள். பொலிகார்பனேட்டில் நுண்ணிய வெடிப்புகள் விழும். நுளம்பு விரட்டும் மருந்தைத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும் என்று சொல்வார்கள். அதிலுள்ள டீட் என்னும் பொருள் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே கரைக்கிறது. அந்தப் பளபளப்பு நிலைக்காது. பற்பசையும் வெறும் தேய்ப்புதான், காப்பு அல்ல. மங்கலை ஈடு செய்ய 100 வொட் பல்ப் போடுவோரும் உண்டு. 60 வொட்டுக்கு அமைந்த விளக்கில் அந்தச் சூடு உட்பகுதியையே கெடுத்து விடும்.

ஆகவே சகோதரிகளே, அடுத்த முறை வாகனம் கராஜுக்குப் போகும்போது "பொலிஷ் செய்து விடுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். "பொலிஷ் செய்த பிறகு மேலே என்ன போடப் போகிறீர்கள்?" என்றும் கேட்கச் சொல்லுங்கள். பதில் இல்லாத இடத்தில் பணத்தைக் கொடுக்க வேண்டாம். உங்கள் கணவரோ மகனோ இரவுப் பயணம் முடிந்து திரும்பும் வழியில், யாரோ ஒருவரின் பிள்ளையும் வீதியோரம் நடந்து வரும். அந்தப் பிள்ளை தூரத்திலேயே கண்ணில் பட வேண்டும் அல்லவா?