மாற்று மருத்துவமா, துணை மருத்துவமா?

சென்ற மாதம் கனடாவிலிருந்து என் தங்கையின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். மார்பகப் புற்றுநோய் என்று கண்டறியப்பட்டு, கீமோ சிகிச்சையின் இரண்டாவது சுற்றை முடித்திருந்த நேரம். "மாமா, இந்த வேதனையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து சித்த மருந்து எடுத்தால் என்ன?" என்று கேட்டாள். நான் வைத்தியன் அல்லன். பத்திரிகையில் எழுதியே காலத்தைக் கழித்தவன். ஆயினும் மருந்துக்கும் மந்திரத்துக்கும் பெயர்போன மட்டக்களப்பில் பிறந்தவன் என்பதால், அவளுக்குச் சொன்னதை வாசகர்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்கள் ஊருக்கு வருபவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவோம் என்று பிற ஊரார் கேலி பேசுவதுண்டு. கேலி ஒருபுறமிருக்க, வாவியின் இரு கரைகளிலும் வைத்தியம் பலவகையாக இருந்தது உண்மை. முறிவு தெறிவுக்கு ஒருவர், விஷகடிக்கு ஒருவர் எனப் பரியாரிமார் இருந்தனர். அம்மை கண்டால் அம்மன் கோயில் வேப்பிலை வீட்டுக்கு வரும். இவற்றை நாங்கள் மாற்று மருத்துவம் என்று அழைத்ததில்லை. சட்டமும் சுதேச வைத்தியத்தை ஒதுக்கவில்லை. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்தத்தையும் யூனானியையும் சேர்த்தே அங்கீகரித்தது. இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது.

ஆகவே, ஒரு வைத்தியம் நம்முடையதா அந்நியமானதா என்பது இங்கு கேள்வியன்று. வைத்தியசாலைச் சிகிச்சையோடு அது சேர்ந்து நிற்கிறதா, அல்லது அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறதா என்பதே கேள்வி. சேர்ந்து நிற்பது துணை மருத்துவம். இடத்தைப் பிடிப்பது மாற்று மருத்துவம். அதே மூலிகையும் அதே யோகாசனமும் அதே அக்குபங்சர் ஊசியும், நாம் பயன்படுத்தும் விதத்தைப் பொறுத்து இரண்டில் எதுவாகவும் ஆகலாம். இத்துறையை ஆராயும் அமெரிக்க அரசின் தேசிய நிலையம் 1998 முதல் தன் பெயரில் 'மாற்று' என்ற சொல்லை வைத்திருந்தது. 2014இல் அதை நீக்கி 'ஒருங்கிணைந்த' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டது.

இந்த வேறுபாட்டை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. தொண்ணூறுகளில் ஓர் இரவு, படுவான்கரையில் வயல் வாடியில் தரையில் படுத்திருந்த என் பால்ய நண்பனைக் கட்டுவிரியன் தீண்டியது. வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. யுத்த காலம், இரவில் வாவியைக் கடக்க வழியில்லை. விஷகடிப் பரியாரியார் தமக்குத் தெரிந்த அனைத்தையும் செய்தார். விடியும் வேளையில் அவனுடைய கண்ணிமைகள் சரிந்து பேச்சுக் குழறியபோது, "இது என் கையை மீறிவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்" என்று சொல்லித் தாமும் தோணியில் ஏறினார். எழுவான்கரையை அடையுமுன் நண்பனின் மூச்சு நின்றுவிட்டது. விஷமுறிவு ஊசியும் செயற்கைச் சுவாசமும் கிடைத்திருந்தால் அவன் பிழைத்திருக்கக்கூடும். அந்தப் பரியாரியாரை நான் குறைசொல்லமாட்டேன். அன்று எங்களுக்குத் தெரிவு என்ற ஒன்றே இருக்கவில்லை.

மண்முனையில் 2014இல் பாலம் திறக்கப்பட்டுவிட்டது. பாலம் இருக்கும்போதும் பார்வை பார்க்கும் இடத்தில் தாமதிப்பவர்களை நினைத்தால்தான் எனக்கு வருத்தம். 2012-13இல் இலங்கை முழுவதும் வீடுவீடாக நடத்தப்பட்ட ஆய்வொன்று, ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு உள்ளாகின்றனர் என்றும், அவர்களுள் ஏறத்தாழ 30,000 பேருக்கே விஷம் ஏறுகிறது என்றும், 464 பேர் இறக்கின்றனர் என்றும் மதிப்பிட்டது. அதாவது கடிபட்ட பத்துப் பேரில் ஆறு பேருக்கு விஷமே ஏறுவதில்லை. அந்த ஆறு பேரையும் எந்த மந்திரமும் 'குணமாக்கும்'. வைத்தியரின் புகழ் அவர்களால் வளர்கிறது. அதை நம்பி மற்ற நால்வரும் ஆபத்துக்கு உள்ளாகின்றனர்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். யுத்தத்தில் காணாமற்போன மகனைத் தேடிய தாய்மார், அம்மன் கோயில்களில் தெய்வமாடுவோரிடம் வாக்குக் கேட்டு நின்றதை நாம் கண்டோம். மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் தொண்ணூறுகளில் இங்கு தங்கி ஆராய்ந்து, அழக்கூட அஞ்சிய மக்களுக்கு அந்தச் சடங்கு துயரை வாய்விட்டுச் சொல்லும் இடமாக இருந்ததை எழுதியுள்ளார். 1996இல் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் தொடக்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், யுத்தத்தால் காயப்பட்ட தமிழ், முஸ்லிம் சிறுவர்கள் களிமண்ணையும் வண்ணத்தையும் கதையையும் கொண்டு தம்மைத் தேற்றிக்கொண்டனர். எந்த மாத்திரையும் தர முடியாத ஆறுதல் இது. இது எவருடைய சிகிச்சையையும் தடுக்கவுமில்லை.

என் மருமகளுக்கு இவ்வளவையும் சொல்லிவிட்டு, இன்னொன்றையும் சொன்னேன். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், வழமையான சிகிச்சையைக் கைவிட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நாடிய 281 புற்றுநோயாளர்களை ஆராய்ந்தனர். மற்றவர்களோடு ஒப்பிட்டால் அவர்களது மரண ஆபத்து இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். ஆனால் கீமோவின் குமட்டலுக்கு அக்குபங்சரும், அதன் களைப்புக்கு யோகாசனமும் உதவுவதாக ஆய்வுகள் உண்டு. அவற்றைச் செய். மூலிகை மருந்து எதையேனும் எடுப்பதாயின், அது கீமோ மருந்தோடு மோதக்கூடும். உன் வைத்தியரிடம் மறைக்காமல் கேள். சிகிச்சையை மட்டும் நிறுத்தாதே என்றேன்.

அவள் மூன்றாவது சுற்றுக்குப் போயிருக்கிறாள். காலையில் யோகாசனம் செய்கிறாளாம். எங்கள் வீட்டில் என் தங்கை மாமாங்கேஸ்வரருக்கு நேர்த்தி வைத்திருக்கிறாள். அதை நான் தடுக்கவில்லை. நேர்த்தியும் வேண்டும், ஊசியும் வேண்டும். என் நண்பனுக்கு இல்லாத பாலம் இன்று நமக்கு இருக்கிறது. அதைக் கடக்காமல் கரையிலேயே நின்றுவிடாதிருப்போமாக.