கோணத்துக்கு அப்பாற்பட்ட வளைவு

முதுகெலும்பின் வளைவை எக்ஸ்ரே படத்தில் அளப்பதற்கு 1948இல் ஜான் காப் என்னும் அமெரிக்க மருத்துவர் வகுத்தளித்த முறை நமது துறையின் சிந்தனையை முற்றிலும் ஆட்கொண்டுவிட்டமையால், 10 பாகையைக் கடந்தால் ஸ்கோலியோசிஸ், 25ஐ எட்டினால் பிரேஸ் என்னும் தாங்குகவசம், 50ஐ நெருங்கினால் அறுவைச் சிகிச்சை என்று நிர்ணயம் செய்யும் நாம், அந்தச் சரீரத்துக்கு உரியவள் கண்ணாடியில் எதைக் காண்கிறாள் என்று விசாரிக்க மறந்தே போகிறோம். பாரசீகம் பேசும் பதின்வயதினர் தம் தோற்றத்தைப் பற்றிக் கொண்டிருக்கும் அபிப்பிராயத்தை அளந்தறிய ஈரானிய ஆய்வாளர்கள் மேற்கொண்டுவரும் பிரயத்தனத்தை ஆகையால் மனமார வரவேற்கிறோம்.

ஸ்கோலியோசிஸ் உள்ளோரின் வாழ்நிலையை அறியப் பயன்படும் எஸ்.ஆர்.எஸ்-22 வினாத்தாளின் பாரசீக வடிவம் 2010இலேயே வெளிவந்துவிட்டது. வலி, செயல்திறன், மனநலம், சிகிச்சையில் திருப்தி ஆகியவற்றோடு உருவத்தைப் பற்றியும் அது வினவுகிறது. எனினும், பக்கத்தில் தாய் அமர்ந்திருக்கையில் "உன் தோற்றம் உனக்குப் பிடித்திருக்கிறதா" என்ற பொருள்படும் வினாவுக்குப் பதின்மூன்று வயதுச் சிறுமி எழுதும் விடை, பல சமயங்களில் தாய்க்கு ஆறுதலாக எழுதப்படும் விடையாகவே அமைந்துவிடும். பார்சிலோனாவில் பாகோ என்னும் ஆய்வாளரின் குழுவினர் உருவாக்கி அதே 2010இல் வெளியிட்ட 'டாப்ஸ்' கருவியோ, முதுகுப்புறம், குனிந்த நிலை, முன்புறம் என்னும் மூன்று தோற்றங்களுக்கும் ஐந்தைந்து சித்திரங்களைக் காட்டித் தன்னை ஒத்த படத்தைச் சுட்டச் சொல்கிறது. விரல் நீட்டினால் போதும். மதிப்பெண் 1 முதல் 5 வரை. விகாரம் மிகுந்தால் எண் குறையும்.

இத்தகைய மதிப்பெண்ணுக்கும் காப் கோணத்துக்கும் உள்ள சம்பந்தம் மிதமானதாகவே காணப்படுவதைக் கருவியின் குறையென்று கருதுவோர் உளர். எமது கருத்து நேர்மாறானது. இரண்டும் முற்றிலும் ஒத்துப்போகுமானால் எக்ஸ்ரே ஒன்றே போதும், குழந்தையைக் கேட்க வேண்டிய அவசியமே இராது.

ஈரானில் பள்ளிச் சிறுமியர் தளர்ந்த மேலங்கியும் தலைச்சீலையும் அணிந்து செல்வதால் வளைவு பிறர் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது, ஆகவே மனத்துயரும் குறைவாகவே இருக்கும் என்று அனுமானிப்பது பெரும் பிழை. பிறர் பார்வைக்கு மறைந்தது தன் பார்வைக்கு மறைவதில்லை. வீட்டினுள்ளும் பெண்கள் மட்டும் கூடும் விசேஷங்களிலும் அந்த மேலங்கி களையப்படுகிறது. கழுத்து வளையத்தோடு கூடிய மில்வாக்கி பிரேஸை அணிந்தவளுக்கோ மேலங்கிகூட முழு மறைவைத் தருவதில்லை. பிரேஸ் அணிந்த பதின்வயதினரில் 72 சதவீதத்தினருக்கும், அணியாது கண்காணிக்கப்பட்டோரில் 48 சதவீதத்தினருக்கும் வளைவு 50 பாகையை எட்டாமல் நின்றதென்றும், அணியும் நேரம் கூடக் கூடப் பயனும் கூடிற்றென்றும் வட அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்று 2013இல் மெய்ப்பித்தது. அந்த நேரத்தைத் தீர்மானிப்பவள் குழந்தை. தன் உருவத்தைக் குறித்து அவள் கொண்ட எண்ணம் அவ்வகையில் சிகிச்சையின் பலனையே தொடும் விஷயம் என்பதில் எமக்குச் சந்தேகமில்லை.

தெஹ்ரானில் நம்பகத்தன்மை நிறுவப்பெறும் பாரசீகப் படிவம் காபூலுக்கும் துஷான்பேக்கும் தானே பொருந்திவிடாது என்பதையும் குறிப்பிட வேண்டும். பாரசீகத்தின் ஒரு வடிவமான தாரியைப் பேசும் ஆப்கானியச் சிறுவரின் வழக்கு வேறு. தாஜிக்கியரோ அதே மொழியைச் சிரிலிக் லிபியில் எழுதுகின்றனர். ஆங்காங்கே தனித்த பரிசோதனை நடந்தாக வேண்டும்.

பிரேஸ் செய்வோருக்கும் இயன்முறைச் சிகிச்சையாளருக்கும் அறுவை நிபுணருக்கும் எமது வேண்டுகோள் ஒன்றுண்டு. எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டிக் கோணத்தைச் சொல்வதற்கு முன்னரே, பெற்றோரைச் சற்று வெளியே அமரச் செய்து, சித்திரத்தாளைக் குழந்தையிடம் கொடுங்கள். பிரேஸ் அணிவித்துச் சில மாதங்கள் கழித்து மறுபடியும் கொடுங்கள். அவள் சுட்டிய எண்ணை நோயேட்டில் காப் கோணத்துக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.