கைவிட்டவர்கள் யார்?

வ.உ. சிதம்பரம் பிள்ளை பிறந்த செப்டம்பர் 5 வந்தால் ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சி. நினைவு இல்லத்துக்குக் கார்கள் வரிசையாக வரும். மாலை விழும், படம் எடுப்பார்கள், பிறகு மேடை. எந்தக் கட்சி மேடையானாலும், பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியானாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும். 1912 டிசம்பர், கண்ணூர்ச் சிறை வாசல். உள்ளே போகும்போது ஊரே திரண்டிருந்தது. விடுதலையாகி வெளியே வரும்போது ஈ காக்கை இல்லை. நோயுற்ற தோழர் சுப்பிரமணிய சிவா ஒருவர் மட்டும் நின்றிருந்தார். இங்கே பேச்சாளரின் குரல் தழுதழுக்கும். அடுத்த வாக்கியம் எல்லாருக்கும் மனப்பாடம்: "நன்றி கெட்ட சமூகம் இது." சமூகமும் கை தட்டும். தன்னைத்தான் ஏசுகிறார்கள் என்று அதற்கு உறைப்பதில்லை.

இந்த வசவு பொய். நூறாண்டுக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கும் பொய். வ.உ.சி.யைக் கைவிட்டவர்கள் உண்டு. அவர்களுக்குப் பெயர், பதவி, விலாசம் எல்லாம் உண்டு. ஆனால் அந்தப் பட்டியலில் 'மக்கள்' இல்லை.

முதலில் அவரை ஏளனம் செய்தவர்கள் யார் என்று பார்ப்போம். 1906 அக்டோபர் 16 அன்று வ.உ.சி. தொடங்கிய சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் பத்து லட்சம். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் இரண்டு லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஏகபோகமாக ஓட்டிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்கு இது முதலில் வேடிக்கை. வாடகைக்கு எடுத்த கப்பல்களைப் பறிக்க வைத்தார்கள். 'காலியா', 'லாவோ' என்று இரண்டு சொந்தக் கப்பல்கள் 1907இல் வந்து நின்றதும் வேடிக்கை எரிச்சலாயிற்று. கட்டணத்தைக் குறைத்தார்கள், பிறகு கட்டணமே வேண்டாம், சும்மா ஏறுங்கள், குடையும் தருகிறோம் என்றார்கள். வியாபாரப் போட்டி என்று இதைப் பாடப்புத்தகம் சொல்லும். எதிராளியை ஊர் நடுவே கேலி செய்கிற வேலை என்றுதான் நான் சொல்வேன். ஓசிக் குடைக்கு மயங்குகிற கூட்டம்தானே நீங்கள் என்று தூத்துக்குடிக்காரர்களைப் பார்த்துச் சொன்னது அது.

பத்திரிகைக்கு வருவோம். அன்று சென்னையில் அதிகாரிகளும் வெள்ளை வணிகர்களும் படித்தது 'மெட்ராஸ் மெயில்' வகைப் பத்திரிகைகளை. ஐரோப்பிய வணிகத்தின் குரல் அவை. அவற்றுக்குச் சுதேசி என்றாலே கலகம். சுதேசித் தலைவன் என்றால் அறியாத ஜனங்களைத் தூண்டிவிடுகிற வக்கீல். ஆள்வோரின் அந்தத் தொனி எப்படி இருந்தது என்பது பாரதிக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது. கலெக்டர் விஞ்ச், சிதம்பரம் பிள்ளையைப் பார்த்து அதட்டுவதாகவும் அதற்குப் பிள்ளை மறுமொழி சொல்வதாகவும் இரண்டு பாட்டு எழுதி வைத்தாரே, அது வெறும் கற்பனையில் பிறந்தது அல்ல. பாரதி தம் 'இந்தியா' வார இதழில் கேலிச்சித்திரம் போட்டு அவர்களுக்கு அவர்கள் பாணியிலேயே திருப்பிக் கொடுத்தார்.  

அதிகாரம் இப்படி ஒரு மனிதனை இளக்காரம் செய்தபோது ஊர் என்ன செய்தது? மேடைப் பேச்சாளர்கள் தாண்டிப் போகிற இடம் இதுதான். தாண்டிப் போகக் காரணமும் உண்டு: இங்கே நின்றால் கண்ணூர் வாசல் காட்சி எடுபடாது.

1908 பிப்ரவரி 27. தூத்துக்குடி கோரல் மில்லில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தம். மில்லை நடத்தியது ஹார்வி கம்பெனி. விடிந்தது முதல் இருட்டும் வரை வேலை, வார விடுமுறை கிடையாது, கூலி சொற்பம், சின்னத் தவறுக்கும் அடி. வ.உ.சி.யும் சிவாவும் கடற்கரையில் பேசிய பேச்சுக்கு ஆயிரக்கணக்கில் கூடிய கூட்டம் இந்த மில்லிலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் வந்த கூட்டம். வேலைநிறுத்தம் தொடங்கிய பிறகு தொழிலாளர் வயிற்றுக்கு வழி வேண்டுமே. ஊர் வசூல் செய்தது. வீடுகளில் சோறு போட்டார்கள். வேறு வேலை கொடுத்தார்கள். மில் பக்கம் பேசியவர்களுக்கு நாவிதர்கள் சவரம் செய்ய மறுத்தார்கள்.

வக்கீல் ஒருவரின் கதை தூத்துக்குடியில் இன்றும் சொல்லப்படுகிறது. சவரத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். பேச்சுவாக்கில் வேலைநிறுத்தத்துக்கு எதிராக வாயை விட்டார். நாவிதர் கத்தியை மடக்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு எழுந்து நடந்துவிட்டார். ஒரு கன்னம் மழுமழு, மறு கன்னம் சோப்பு நுரை. ஊரில் வேறு எந்த நாவிதரும் மீதியை எடுக்கச் சம்மதிக்கவில்லை. மிச்ச சவரத்துக்கு அவர் திருநெல்வேலிக்குப் போக வேண்டியிருந்தது. இங்கிலீஷ் பத்திரிகை என்ன எழுதிற்று என்பது அந்த நாவிதருக்குத் தெரிந்திருக்குமா, தெரியாது. சுதேசிக் கப்பலில் ஒரு பங்கு வாங்க 25 ரூபாய் அவரிடம் இருந்திருக்கவும் நியாயமில்லை. அவரிடம் இருந்தது அன்றைய கூலி ஒன்றுதான். அதை வேண்டாம் என்று விட்டார்.

மார்ச் முதல் வாரத்தில் மில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. கல்கத்தாவில் அரவிந்தரின் 'வந்தே மாதரம்' இந்த வெற்றியைக் கொண்டாடி எழுதியது.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. மார்ச் 12 அன்று வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரும் கைது. மறுநாள் திருநெல்வேலி எரிந்தது என்றே சொல்லலாம். இந்துக் கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். நகராட்சி அலுவலகம், தபால் நிலையம், போலீஸ் நிலையம் எல்லாவற்றிலும் தீ. நகராட்சியின் மண்ணெண்ணெய்க் கிடங்கு நாள் கணக்கில் எரிந்தது. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளர்கள் மறுபடி வேலையை விட்டு இறங்கினார்கள். இந்த முறை கூலிக்காக அல்ல. ஜட்கா ஓட்டுபவர், இறைச்சிக் கடைக்காரர், நாவிதர் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள்.

திலகருக்குத் தண்டனை விதிக்கப்பட்டபோது பம்பாய் மில் தொழிலாளர்கள் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இந்தியத் தொழிலாளி அரசியலுக்கு வந்த நாள் என்று லெனினே அதைப் பாராட்டி எழுதினார். அது 1908 ஜூலை. தூத்துக்குடிக்காரர்கள் அதை நான்கு மாதம் முன்னாலேயே செய்துவிட்டார்கள். பம்பாய் வரலாற்றில் அது பெருமை. நமக்கோ 'நன்றி கெட்ட சமூகம்'!

இனி கண்ணூர் வாசலுக்கு வருகிறேன். அங்கே கூட்டம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஏன் இல்லை? கலவரத்துக்குப் பிறகு திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் தண்டப் போலீஸ் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தப் போலீஸின் சம்பளத்தை அந்த ஊர்க்காரர்கள் தலையிலேயே வரியாகக் கட்டினார்கள். 'சுதேசமித்திரன்' ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர் 1908இலேயே கைதாகி, ஒடுங்கிப்போனார். 'இந்தியா' புதுச்சேரிக்குத் தப்பியது. பிரிட்டிஷ் எல்லைக்குள் அதற்குத் தடை. 1910இல் பத்திரிகைச் சட்டம். 1911 ஜூன் 17 அன்று இதே ஓட்டப்பிடாரம் வட்டாரத்து மணியாச்சி ரயில் சந்திப்பில் வாஞ்சிநாதன், கலெக்டர் ஆஷ் துரையைச் சுட்டுத் தானும் மாண்டான். அதன்பின் வந்தது பெரிய சதி வழக்கு. மாவட்டத்தில் வ.உ.சி. பெயரை உரக்கச் சொன்னவன் வீட்டு வாசலில் போலீஸ் நின்ற காலம். கண்ணூரோ மலையாளக் கரையில், ரயிலேறிப் போக வேண்டிய தூரத்தில் இருக்கிறது. விடுதலைச் செய்தியைத் துணிந்து போடப் பத்திரிகை இல்லை, கூடுவதற்குத் துணிச்சல் மிச்சமில்லை. துப்பாக்கிக்கும் தண்டவரிக்கும் பிறகு வந்த மௌனத்தை நன்றிகெட்டதனம் என்பது, அடித்தவனை விட்டுவிட்டு அடிபட்டவனை ஏசுவது.

அந்தக் காட்சிக்கு இவ்வளவு பலம் எப்படி வந்தது? 1961இல் பி.ஆர். பந்துலு எடுத்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தால்தான். சிவாஜி கணேசன் நடை தளர்ந்து வெளியே வருவார். பார்த்தவர்கள் யாரும் மறக்கவில்லை. நல்ல சினிமா. அதற்காகச் சினிமாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் படம் வசூலில் அடிவாங்கியதையும் 'பார்த்தீர்களா, மறுபடியும் கைவிட்டார்கள்' என்று கணக்கில் சேர்க்கிறார்கள். டிக்கெட் வாங்காதவன் எல்லாம் துரோகி என்றால் தமிழ்நாட்டில் யார்தான் மிஞ்சுவார்கள்?

சிறைக்குப் பிறகான வறுமையை நான் மறுக்கவில்லை. வக்கீல் சன்னது பறிபோயிற்று. சென்னையில் மண்ணெண்ணெய் விற்றார், அரிசிக் கடை வைத்தார்; எதுவும் நிலைக்கவில்லை. அந்த நாட்களில் அவர் குடும்பத்துக்குக் கை கொடுத்தவர்களில் தென்னாப்பிரிக்க இந்தியர்கள் உண்டு, பலரும் தமிழர்கள். கடல் கடந்து கூலிக்குப் போனவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பார்த்தே இராத மனிதருக்காகக் காசு சேர்த்தார்கள். அதில் ஒரு தொகை காந்தியின் கைக்கு வந்தது. 1915இல் காந்தி சென்னை வந்தபோது இருவரும் சந்தித்தார்கள். பணம் வந்ததா என்று காந்தி கேட்க, இல்லை என்று இவர் சொல்ல, மாதக்கணக்கில் கடிதங்கள் போய்வந்து, 1916 தொடக்கத்தில் 347 ரூபாய் 12 அணா வ.உ.சி.க்கு வந்து சேர்ந்தது. வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி அந்தக் கடிதங்களைத் தேடித் தொகுத்திருக்காவிட்டால் இதுவும் நமக்குத் தெரிந்திராது. அந்தப் பன்னிரண்டு அணாவைக் கவனியுங்கள். பெரிய மனிதர் ஒருவர் எடுத்துக் கொடுத்த தொகையென்றால் ரூபாயோடு நின்றிருக்கும். அணாவில் முடிகிற தொகை பல சட்டைப் பைகளிலிருந்து வந்தது.

ஆதரவு எதிர்பாராத பக்கங்களிலிருந்தும் வந்தது. நீதிபதி பின்ஹே அவருக்கு விதித்த கொடுந்தண்டனையைப் பார்த்து பிரிட்டிஷ் அரசின் இந்திய மந்திரி மார்லியே வைஸ்ராய் மிண்டோவுக்கு வருத்தப்பட்டு எழுதினார். வாலேஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் உதவியால்தான் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தம் மகன் ஒருவனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. வெள்ளைக்கார நீதிபதி செய்த உதவியை ஊரறியச் சொன்ன மனிதர், தம் ஊர்க்காரர்களைப் பழித்திருப்பார் என்று எந்தத் தைரியத்தில் அவர் வாயில் அந்தப் புலம்பலைத் திணிக்கிறோம்?

1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில், காங்கிரஸ் அலுவலகத்தில் இறந்தார். அவர் விட்டுச்சென்ற உயிலில் கடைப் பாக்கிகள் வரும். அதை வாசித்துக் காட்டித்தான் இன்றும் கண்ணீர் வரவழைக்கிறார்கள். எனக்கு ஒரு சந்தேகம்: வருமானம் இல்லாத ஒரு கிழவருக்குத் துணியும் எண்ணெயும் கடன் கொடுத்துக்கொண்டே இருந்த கடைக்காரர்கள் யார்? அவர்களும் அந்தச் சமூகம்தானே.

அப்படியானால் கைவிட்டவர்கள்? தலைமகன் சிறைக்குப் போனதும் கம்பெனியைக் கலைத்துவிட்டுக் கப்பல்களை விற்ற இயக்குநர்கள். பெரும் பங்குகளை வாங்கியிருந்த செல்வந்தர்களில் பலர். அவரை எந்த உயரத்திலும் வைத்துப் பார்க்காத காங்கிரஸ் தலைமை. சன்னதைப் பறித்த அரசு. அவர்களுடைய கணக்கை மக்கள் தலையில் எழுதிவிட்டால் எல்லாருக்கும் வசதி. மேடையில் நின்று 'மக்களே, நீங்கள்தான் கைவிட்டீர்கள்' என்று சொல்கிற தலைவருக்கு இன்னும் வசதி. அவர் கட்சி என்ன செய்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

2022 ஜனவரியில் இதே நாடகம் வேறு மேடையில் நடந்தது. வ.உ.சி., பாரதி, வேலுநாச்சியார் உருவங்கள் கொண்ட தமிழக அலங்கார ஊர்தியை தில்லிக் குடியரசு நாள் அணிவகுப்புக்குத் தேர்வுக் குழு ஏற்கவில்லை. வ.உ.சி. ஒரு தொழிலதிபர்தானே என்று கேட்டதாகச் செய்திகள் வந்தன. முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஊர்தி சென்னை அணிவகுப்பில் ஓடியது, பிறகு மாவட்டம் மாவட்டமாகப் போயிற்று. வழியில் நின்று பார்த்தவர்கள் கூட்டத்தை யாரும் பேருந்து வைத்து அழைத்து வரவில்லை.

அடுத்த செப்டம்பர் 5க்குப் பேச்சுப் போட்டி நடத்தும் தலைமையாசிரியர்களுக்கும், மேடை போடும் கட்சிக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கண்ணூர் வாசலை இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். 1908 மார்ச் 13இல் குண்டடிபட்டுச் செத்த நான்கு பேரையும், அதற்குப் பிறகு தண்டவரி கட்டிய ஊர்களையும் பேசுங்கள். கோரல் மில் வேலைநிறுத்தத்தைப் பேசுங்கள். பேசி முடித்த பிறகும் நன்றி கெட்டவர்கள் என்று யாரையாவது சொல்ல வேண்டும்போல் இருந்தால், பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள்.